பிலிப்பு கேட்டுவிட்டுத்தான் ஏறினார்

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கடவுளைச் சந்தேகித்தால் விடக்கூடாதாம்; அவர் இறங்குமுன் பதில் சொல்லி முடித்துவிட வேண்டுமாம். இப்படிச் சொல்லும் நண்பர் ஒருவர், எத்தியோப்பியரின் இரதத்தில் ஏறிய பிலிப்புவைச் சாட்சிக்கு அழைக்கிறார். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தை அவசரமாகப் படித்திருக்கிறார். பிலிப்பு முதலில் கேள்வி கேட்டார். கூப்பிட்ட பிறகே ஏறினார். அந்த மனிதர் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே பேசத் தொடங்கினார்.

பரந்தனில் ஏறிப் புதுக்குடியிருப்புக்கு வருகிறவர் எந்த இடத்தில் நிற்கிறார்? போரின்போது, 2009 பெப்ரவரியில், இவ்வூர் ஆஸ்பத்திரி மீதே செல் விழுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், "உங்கட ஆண்டவர் அண்டைக்கு எங்க நிண்டவர்?" என்று கேட்டால் அது விவாதமல்ல, வழக்கு. யோபுவும் அதைத்தான் தொடுத்தார். முடிவில் கடவுளின் கோபம் மூண்டது, பதிலைக் கையோடு வைத்திருந்த நண்பர்கள் மீது.

வாயே திறக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அருட்தந்தை பிரான்சிஸ் யோசேப்பைப் பற்றிச் சொல்லுங்கள். கடைசிவரை சனத்தோடு நின்றவர். 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனவர், திரும்பவில்லை. ஆனால் அவரை நிரூபணமாக நீட்டாதீர்கள். அவருக்கு என்ன நடந்தது என்று அந்தத் தாய் உங்களிடமே கேட்பார்.