‘பாஸ்’ படும் பாடு

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, வேங்கிக்காலிலிருந்து தாயும் மகளுமாக இருவர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். மகள் செவிலியர் படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் பணியாற்றியவள். இங்கிலாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றிற்கு அனுப்பவிருந்த விண்ணப்பத்தைக் கைப்பட எழுதிக் கொணர்ந்திருந்தாள். “ஒரு தடவை பார்த்துக் கொடுங்க ஃபாதர்” என்று தாளை நீட்டினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆயினும் இரண்டாம் வரியிலேயே நம் கண் இடறி நின்றது. 2019ஆம் ஆண்டு கல்லூரியிலிருந்து ‘பாஸ் அவுட்’ ஆனதாக அவள் எழுதியிருந்தாள்.

நம் நாட்டில் இத்தொடருக்குப் பொருள் கேட்பார் எவருமிலர். ஆனால் இங்கிலாந்துக்காரர் செவியில் அது, “2019இல் மயங்கி விழுந்தேன்” என்றே முதலில் ஒலிக்கும்! இதனை வெறும் பிழையென்று தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. படைப்பயிற்சி முடித்து வெளியேறுவோரை ஆங்கிலேயரே இவ்வாறு கூறுவர். பரங்கிமலையிலுள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் நிறைவு அணிவகுப்புக்கு இன்றும் ‘பாசிங் அவுட் பரேடு’ என்றே பெயர். அணிவகுப்புத் திடலுக்குரிய சொல்லை நம்மவர் கல்லூரி வாயிலிலும் வழங்குகின்றனர், அவ்வளவே.

குருமடத்தில் கற்ற இலத்தீன் இவ்விடத்தில் சிறிது கைகொடுத்தது. ‘பாசுஸ்’ என்றால் காலடி. உரோமையர் ஆயிரம் ‘பாசுஸ்’ கொண்ட தொலைவையே மைல் என்றனர். காலெடுத்து வைத்து ஒன்றைத் தாண்டிச் செல்வதே ‘பாஸ்’ என்னும் வினையின் அடிப்பொருள். தமிழில் இதற்கு நேரான வினை ‘கட’ என்பதாகும். காலம் கடக்கிறது, ‘பாஸ்போர்ட்’ கடவுச்சீட்டாகிறது. மலைகளுக்கிடையே கடந்துசெல்லும் வழியும் ஆங்கிலத்தில் ‘பாஸ்’தான்; நாம் கணவாய் என்கிறோம். நமக்கு மேற்கே உள்ள செங்கம் கணவாயருகில் 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் மோதின. ‘பாஸ்கா’ என்னும் நம் சொல்லை மட்டும் இவ்வினைக்கு உறவாக்க வேண்டா. அதன் வேர் எபிரேயம். அதனை ஆங்கிலத்தில் பெயர்க்க வந்த தின்டேல் என்பார் 1530இல் ‘பாஸ் ஓவர்’ என்று ஒரு சொல்லைச் சமைத்தார். ஒலியும் பொருளும் ஒருங்கே வாய்த்தது அவர் பேறு.

விண்ணப்பத்தில் நேரும் பிழைக்குச் சிரிப்போடு மன்னிப்புக் கிடைக்கலாம். நாம் அஞ்சியது இரவுப் பணியை எண்ணி. தொலைபேசியில் செவிலி மருத்துவரை அழைக்கிறாள். நோயாளி ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கினார். மருத்துவர் ஓடி வரவேண்டும். ‘பாஸ் அவே’ என்றால் இறந்துவிட்டார். ‘பாஸ் ஆன்’ இன்னும் பொல்லாதது. செய்தியைப் பற்றிச் சொன்னால் பிறருக்குத் தெரிவித்தல்; ஆளைப் பற்றிச் சொன்னால் மரணம்! வினை ஒன்றே, பின்னே ஒட்டிவரும் சிறு சொல் மாறினால், உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு நடு இரவில் பொய்யான சாவுச் செய்தி போய்ச் சேரும். நம் மொழிக்கும் இந்த இடர் உண்டு. செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதை மங்கல வழக்கென்று இலக்கணம் படித்தோர் அறிவர், துஞ்சுதல் உறங்குதலுமாம். சாவை அறிவிக்கையில் இத்தகைய மூடுசொற்களை விடுத்து, ‘இறந்துவிட்டார்’ என்றே தெளிவாகக் கூறும்படி இக்கால மருத்துவக் கல்வி கற்பிக்கிறது. துக்க வீடுகளுக்குச் சென்று பழகிய நமக்கு அது முதலில் கடுமையாகவே பட்டது. ஆயினும் நியாயம் அவர்கள் பக்கமே.

இவ்வளவையும் கேட்டிருந்த அப்பெண், பின்னர் நமக்கே பாடம் நடத்தத் தொடங்கினாள். சிறுநீர் கழிந்ததா, கல் வெளியேறிற்றா என்பதற்கெல்லாம் அவர்கள் வார்டில் ‘பாஸ்’ என்பதே வினையாம். வயிற்றில் அறுவை செய்தவரிடம், “காற்றுப் பிரிந்ததா?” என்று கேட்பதும் அச்சொல்லால்தான். குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியதற்கு அது அறிகுறியாதலால், நாணாமல் கேட்டாக வேண்டும் என்றாள். அகராதியில் நாம் கண்டும் கருதாமல் விட்ட பொருள்!

மற்றத் தொடர்களை அன்று விரைந்தே சொல்லி முடித்தோம். வாய்ப்பைத் தானே கைவிடுதல் ‘பாஸ் அப்’. போலியை மெய்யென்று தள்ளிவிடுதல் ‘பாஸ் ஆஃப்’. பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுதல் ‘பாஸ் தி பக்’. கடைசியாகச் சொன்னது அமெரிக்கச் சீட்டாட்டத்தில் பிறந்த வழக்கு. ஆட்டமறியாத நம் வீடுகளிலும், தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது என்னும் வேளையில் அதன் பொருள் நன்கு விளங்கும்.

பிறகு விண்ணப்பத்துக்குத் திரும்பினோம். ‘பாஸ் அவுட்’டை அடித்துவிட்டு, படிப்பை 2019இல் நிறைவுசெய்தேன் என்னும் பொருளில் ‘கம்ப்ளீட்’ என்று எழுதச் சொன்னோம். அதுவரை வாய் திறவாதிருந்த தாய்க்கு அது பிடிக்கவில்லை.

“அப்போ பாஸுங்கிற வார்த்தையே வராதா சாமி? எல்லாப் பேப்பரையும் ஒரே தடவையில பாஸ் பண்ணினவ இவ!”

2020இல் தேர்வே நடவாமல் பத்தாம் வகுப்பில் ‘ஆல் பாஸ்’ கண்ட நாடு இது. தேர்வெழுதி முதல் முயற்சியிலேயே வென்ற பெண்ணைப் பெற்றவள் கேட்பதில் தவறென்ன? “எல்லாத் தேர்வுகளிலும் முதல் முயற்சியிலேயே ‘பாஸ்’ ஆனேன்” என்னும் பொருளில் இன்னொரு வரியைச் சேர்த்தோம். அங்கே அச்சொல் குற்றமின்றிப் பொருந்திற்று. தாய் அந்த வரியை மகளை வாசிக்கச் சொல்லி இருமுறை கேட்ட பின்னரே எழுந்தார்.