உப்பளமும் யந்திர ஆணையும்

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர் ஆங்கு நிகழும் தொழிலின் நுட்பத்தை எளிதில் மறவார். கடல்நீரின் செறிவு போமே அளவையில் ஏறத்தாழ 3 டிகிரியாம். உவர்நீர் பாத்திக்குப் பாத்தி வெயிலில் வற்றி, 25 டிகிரியை எட்டுங்கால் உப்பாய்ப் பூக்கின்றது. 29 டிகிரிக்கு மேல் மக்னீசிய உப்புக்கள் மிகுதலின், எஞ்சிய கைப்புநீரை வடித்துவிடல் வேண்டும். மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்னும் இவ்வறிவே தொழிலின் உயிர்நிலை.

இவ்வறிவை யந்திரத்திற்குப் புகட்டுவது எங்ஙனம் என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட விஷயம். இக்காலத்துத் தொழிற்சாலைகளில் மோட்டார், பம்பு, வால்வு, அளவுகருவி ஆகியவற்றை ஒரே கம்பியிற் கோத்து ஆளும் முறைக்குப் பீல்டுபஸ் என்று பெயர். 1987இல் ஜெர்மனியில் கூட்டுமுயற்சியாய்த் தொடங்கப்பெற்ற புரோபிபஸ் அவற்றுள் ஒன்று. கம்பியின் தலைப்பில் ஒரு தலைமைக்கருவி நின்று, துணைக்கருவிகளை ஒவ்வொன்றாய் வினவி விடை பெறும். அத்தலைமைக்கருவிக்கு ஏற்பாடு செய்வோர், ஒவ்வொரு துணைக்கருவிக்கும் தனி எண் அளித்து, அது தரும் செய்தியின் அளவையும் கம்பியின் வேகத்தையும் குறித்தல் வேண்டும். எழுதிய ஏற்பாடும் உள்ள கருவியும் ஒவ்வாவிடில், அக்கருவி செய்திப் பரிமாற்றத்திற்கு இணங்காது.

இவையெல்லாம் நூலைப் பார்த்துச் செய்துவிடலாம். ஆயின், கம்பி அறுந்தால் என் செய்வது என்னும் வினாவிற்கு நூல் விடை தாராது. ஓர் உதாரணம் காண்போம். 2006ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மக்கள் நேரே உண்ணும் உப்பை அயோடின் சேர்க்காமல் விற்றல் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. உப்பு வார்ப்பட்டையில் ஓட, அதன்மீது பொட்டாசியம் அயோடேட்டுக் கரைசலைப் பம்பு தெளிக்கின்றது என்க. பம்பு மட்டும் தலைமைக்கருவியின் தொடர்பை இழந்து நின்றுவிட்டால், பட்டை ஓடிக்கொண்டேயிருக்கும். வெண்மையிலோ சுவையிலோ வேற்றுமை தோன்றாத உப்பு, அயோடினின்றி மூட்டையிற் சேரும். அதனை உண்ணும் கருவுற்ற தாய்க்கும் சேய்க்கும் நேரும் குறையை எவரும் அன்றே அறியார்.

இதனைத் தடுக்கும் வழி ஏற்பாட்டிலேயே உளது. ஒரு துணைக்கருவி தவறினும் எல்லா வெளியீடுகளையும் பத்திரமான நிலைக்குக் கொணரும் ஆணையைப் புரோபிபஸ் தலைமைக்கருவியில் அமைக்கலாம். தலைமைக்கருவியே மௌனமானால் துணைக்கருவிகள் தாமே அடங்குதற்குக் காவற்கால அளவும் உண்டு. அக்காவலை நீக்கிவிட்டால், பட்டை நின்ற பின்னும் பம்பு பழைய ஆணைப்படியே தெளித்துக்கொண்டிருத்தல் கூடும்.

"சிறு தடைக்கெல்லாம் வேலை முழுதும் நின்றால் மூட்டைக்கணக்கில் கூலி பெறுவோர் வயிறு வாடாதோ?" என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயினும் காவலை நீக்குதல் அதற்குப் பரிகாரமன்று. கடற்கரையின் உப்பீரம் இணைப்புக்களை அரித்துவிடும். கம்பியின் இரு முனைகளிலும் இருக்கவேண்டிய முடிவுத்தடை ஒரு முனையில் இல்லாவிடினும் செய்தி சிதையும். இக்காரணங்களைக் களைதலே பொறியாளர் கடன். அவர்தம் அசட்டையால் நேர்ந்த நிறுத்தத்திற்குத் தொழிலாளர் கூலியிற் பிடித்தம் செய்வது அறமன்று.

ஆதலின் நமது கலாசாலையில் இவ்வித்தை கற்பிக்கப்படுமிடத்து, கருவி ஓடுவதைக் கண்டதோடு மாணவர் அமையலாகாது என்பது நம் கருத்து. ஓடுங்கால் இணைப்பை வேண்டுமென்றே பிடுங்கி, ஒவ்வொன்றும் எந்நிலையில் நிற்கின்றது என்று எழுதிக் காட்டுதலையும் தேர்வின் பகுதியாக்கல் வேண்டும். அன்றியும், ஏற்பாடு எழுதுமுன் பட்டையருகே நாள்முழுதும் நிற்கும் தொழிலாளரை வினவுதல் இன்றியமையாதது. எது முதலில் நிற்கவேண்டும், எது ஓடவேண்டும் என்பதை அவரன்றோ அறிவார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டுமென்று நம் முன்னோர் கூறினர். உப்பை விளைப்போரையும் உண்போரையும் ஒருங்கே நினைந்து எழுதப்படும் ஏற்பாடே செவ்விய ஏற்பாடு என்பது நம் துணிபு.