"பேட்டரி போச்சு" என்பதற்கு முன் அளந்து பார்த்தாயா?



கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாகலூர் பக்கம் ரோஜாப் பசுமைக்குடில் வைத்திருக்கும் என் மைத்துனர், தன் சின்ன ஜெனரேட்டருக்குப் பதினான்கு மாதத்தில் மூன்று பேட்டரி வாங்கிவிட்டார். இப்போது நாலாவது வாங்கச் சொல்கிறார்களாம். வந்தவர் யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. "சார்ஜ் நிக்கல சார், மாத்திடுங்க." அவ்வளவுதான் வைத்தியம்!

போன வாரம் மல்டிமீட்டரோடு நானே போனேன். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த பேட்டரி 12.1 வோல்ட். முழு சார்ஜ் என்றால் 12.6-க்குக் குறையக்கூடாது. கயிறு இழுத்து ஜெனரேட்டரை ஓடவிட்டு மறுபடி அளந்தேன். 13.5, 14 என்று ஏற வேண்டும். ஏறவில்லை, அதே 12.1. சோறே போடாமல் பிள்ளை மெலிகிறது என்றால் யார் குற்றம்? சார்ஜிங் ஒயர் இரும்புச் சட்டத்தில் உரசித் தோல் உரிந்து, ஃபியூஸ் எரிந்து கிடந்தது. ஒயருக்கு டேப் சுற்றி, புது ஃபியூஸ் போட்டதும் 14.1.

புது பேட்டரி கடையில் ஏற்றிய சார்ஜிலேயே சில வாரம் ஓடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் "சரியாகிவிட்டது" என்று நம்பினார்.

ஓடும்போது வோல்டேஜ் ஏறியும் மறுநாள் இறங்கினால், நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துப் பாருங்கள். அப்போது நின்றால் கசிவு வேறெங்கோ. அப்போதும் இறங்கினால் மட்டுமே பேட்டரியைக் குறை சொல்லுங்கள்.

நம் தப்பும் உண்டு. 2008-க்குப் பிறகு சில வருடம் மின்வெட்டில் ஜெனரேட்டர் தினமும் ஓடியது, பேட்டரிக்குத் தீனி கிடைத்தது. இப்போது மாதக்கணக்கில் மூலையில் கிடக்கிறது. ஈய பேட்டரி சும்மா இருந்தாலும் இறங்கும். இறங்கியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பத்து நிமிஷம் ஓட்டினால் போதாது, வீட்டு கரண்டில் சார்ஜர் போடுங்கள். போர் தண்ணீர் ஊற்றுகிற மகராசன்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: டிஸ்டில்டு வாட்டர் மட்டும்!

மெக்கானிக்கை மட்டும் திட்டவும் மனசில்லை. அளந்து பார்த்ததற்குக் கூலி கேட்டால், "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று மல்லுக்கு நிற்பது நாம்தானே? பேட்டரி விற்றால்தான் அவருக்கு நாலு காசு. ஆனால் ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

மைத்துனரின் முதல் இரண்டு பேட்டரியும் எடைக்குப் போய்விட்டன. மூன்றாவதற்கு ஒரு ராத்திரி சார்ஜர் போட்டோம். இன்று காலை போனில் கேட்டேன்: 12.6.