15 வினாடி!

இஸ்ரேலின் தெற்கு எல்லையில் ஸ்டெரோட் என்று ஒரு சிறு நகரம். பக்கத்திலேயே காசா. 2001-ல் அங்கே ராக்கெட் குண்டுகள் விழத் தொடங்கின. அபாயச் சங்கு ஊதினால் 15 வினாடிதான் அவகாசம்! மைதானத்தில் ஆடும் குழந்தை எங்கே ஓடும்? (எல்லைக்கு அப்பால், காசா குழந்தைகளுக்கோ சங்கும் இல்லை, பதுங்க இடமும் இல்லை.)

1901-ல் பிறந்தது யூத தேசிய நிதி. வீட்டுக்கு வீடு நீல உண்டியல் வைத்துக் காசு சேர்த்த அமைப்பு. அதன் அமெரிக்கக் கிளை நன்கொடை திரட்டியது. சுமார் 50 லட்சம் டாலர் செலவு! பழைய கிடங்கு ஒன்று 2009-ல் விளையாட்டுக் கூடமாயிற்று. பந்தாட்டம் எல்லாம் கூரைக்குள்ளேயே. ஓடி நுழைய, குண்டுக்கு அசையாத அறைகளும் உண்டு.

நல்ல காரியம்தான். ஆனால் குழந்தையின் உயிருக்குக் காவல் சர்க்கார் அல்லவா? சர்க்காரோ, 3-ம் வகுப்பு வரைதான் பள்ளி அறைகளைப் பலப்படுத்தியது. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். மற்ற வகுப்புகளையும் பலப்படுத்தும்படி 2007-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

2023 அக்டோபர் 7-ந் தேதி ஆபத்து வானத்திலிருந்து மட்டும் வரவில்லை. ஹமாஸ் ஆட்கள் துப்பாக்கியுடன் தெருவுக்குள்ளேயே வந்தார்கள். போலீஸ் நிலையத்தையே பிடித்தார்கள். பலமான கூரை அன்று போதவில்லை.