பேர் வைக்கும் பேரம்

1711-இல் லண்டனிலிருந்து ஜெரமையா டம்மர் என்பவர் கனெக்டிகட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தொடங்கிப் பத்தே வருஷமான, காசில்லாத ஒரு கல்லூரியின் அறங்காவலருக்கு. அதன் சாரம் இது: சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் இங்கேதான் இருக்கிறார், ஏகப்பட்ட சொத்து, ஆண் வாரிசு இல்லை, ஆக்ஸ்போர்டில் ஏதோ ஒரு கல்லூரிக்குக் கொடுக்கும் யோசனையில் இருக்கிறார், நம் பக்கத்து மனிதர், நமக்குக் கொடுத்தால் என்ன?

தனியார் கல்லூரி ஒன்றில் பெரிய நன்கொடைகள் திரட்டும் பிரிவுக்குச் சில காலம் பொறுப்பாக இருந்தேன். 'டோனர் ப்ரொஃபைல்' என்று பக்கம் பக்கமாகத் தயாரிப்போம். அத்தனையும் இந்த நாலு வரிக்குள் இருக்கிறது. எவ்வளவு வசதி, மனசில் என்ன குறை, வேறு யார் கேட்கிறார்கள், நமக்கு என்ன உறவு.

பலன் கிடைக்க ஏழு வருஷம் ஆயிற்று. டம்மர் சும்மா இருக்கவில்லை. ஐசக் நியூட்டன் வரை கேட்டுக் கல்லூரிக்குப் புத்தகங்கள் சேர்த்தார். யேலும் அதில் கொஞ்சம் கொடுத்தார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சின்னதாகக் கொடுத்துப் பழகியவர்தான் ஒருநாள் பெரிதாகக் கொடுப்பார். முன்பின் தெரியாத கோடீஸ்வரர் வீட்டு வாசலில் போய் நிற்பதெல்லாம் பெரும்பாலும் கல்லூரிச் செயலாளர்களின் ஆசை.

1718-இல் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் கடைசிக் காயை நகர்த்தினார். கல்லூரிக்கு உங்கள் பேரையே வைத்தால் பிள்ளைகுட்டிகளைவிட அது நிலைக்குமே என்று யேலுக்கு எழுதினார். சிறுவயதிலேயே போய்விட்ட மகன் டேவிட்டைச் சென்னையில் புதைத்துவிட்டுப் போனவர் யேல். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அந்தக் கல்லறையை இன்றும் பார்க்கலாம். அப்படிப்பட்டவரிடம் இதைச் சொல்ல நல்ல சாமர்த்தியம் வேண்டும், கொஞ்சம் கல்நெஞ்சமும் வேண்டும். ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று வந்து சேர்ந்தன. சரக்கு விற்றதில் 562 பவுண்டு. அந்தக் காசுக்கு யேல் என்ற பேர் முந்நூறு வருஷங்களைத் தாண்டி நிற்கிறது. என்னைக் கேட்டால், கல்லூரி மலிவாக விற்றுவிட்டது.

பேரைக் கொடுத்தார்களே தவிர, அடுத்த தவணைக்கு எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. 1721-இல் செல்லுபடியாகும் உயில் எதுவும் இல்லாமல் யேல் இறந்துபோனார். கல்லூரிக்கு மேற்கொண்டு சல்லிக்காசு வரவில்லை.

நம் ஊரில் எழுத்து வேலைக்குக் குறைவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர் அமெரிக்காவில் இருப்பார்கள். ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருக்கிறார், சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் சாதாரணக் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம். இன்னொருவர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். பழைய மாணவர் சந்திப்பில் தோளில் கைபோட்டு நிற்கிற இருவரிடமும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்பதுதான் என் முதல் வேலையாக இருந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் மில் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரைப் பார்க்க முதல்வரும் நானும் போனோம். நாலு மாடி ஆய்வகக் கட்டடம், முகப்பில் அவருடைய அப்பா பேர். வரைபடத்தை மேஜையில் விரித்துவைத்தோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "கட்டடம் சரிங்க சார். கரண்ட் பில்லு யாரு கட்டுவாங்க?"

முதல்வர் என்னைப் பார்த்தார், நான் வரைபடத்தைப் பார்த்தேன். லிஃப்ட், ஏசி, கெமிக்கல், லேப் அசிஸ்டென்ட் சம்பளம் எதற்குமே எங்களிடம் கணக்கு இல்லை. திறப்பு விழாவோடு எங்கள் திட்டம் முடிந்துபோயிருந்தது. திரும்பி வந்து இரண்டு மாடியைக் குறைத்தோம். மிச்சத்தைக் கார்பஸ் நிதியாகப் போட்டு, அதன் வட்டியில் பராமரிப்பு என்று மாற்றினோம். நிர்வாகக் குழுவில் இதற்கு ஒப்புதல் வாங்கியது அவரிடம் பணம் வாங்கியதைவிடக் கஷ்டம். நாலு மாடி என்றால் ரோட்டிலிருந்தே தெரியும். வட்டி யார் கண்ணுக்குத் தெரியும்? இந்தப் பதவியில் இருப்பவருக்குப் பாதிச் சண்டை கொடுப்பவரோடு இல்லை, உள்ளே இருப்பவர்களோடுதான்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இன்னும் சங்கடமானது. சொந்த வியாபாரத்தில் லாபம் பார்த்தார் என்ற புகாரில் 1692-இல் பதவி பறிக்கப்பட்டவர் யேல். அவர் பொறுப்பில் இருந்தபோது, ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் செயின்ட் ஹெலினா தீவுக்குக் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற விதி அமலில் இருந்தது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-இல் மன்னிப்புக் கேட்டது. பேரை மாற்றவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு எப்படி மாற்றுவது?

அதனால் எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்த்திருந்தோம்: கொடையாளரோ அவர் நிறுவனமோ கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றால் பேரை எடுக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு. இதை மில்காரரிடம் நீட்டியபோது எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"அப்பா காலமாயிட்டாருங்க, அவரால ஒரு தொந்தரவும் வராது," என்றார். "இப்ப மில்லைப் பாத்துக்கறது என் பையன். அவன் கையெழுத்தையும் வாங்கிக்குங்க சார்."