கடாரத்துக் கப்பலும் கிள்ளான் கொள்கலனும்

ஒவ்வோர் ஆண்டும் நம் தமிழ்ப் பேரவை மேடையில் ஒரு கப்பல் தவறாமல் வந்து போகும். அது இராசேந்திர சோழனின் கப்பல். பேச்சுப் போட்டியானாலும் பட்டிமன்றமானாலும், 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் மீது படையெடுத்த அந்தக் கடற்படையைச் சொன்னால் கைத்தட்டல் உறுதி. நானும் கை வலிக்கத் தட்டியிருக்கிறேன். ஆனால், இன்று மலாக்கா நீரிணையில் போகும் கப்பலைப் பற்றி அதே மேடையில் நாம் ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா?

என் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றும் ட்ரெய்லர் லோரி ஓட்டுகிறார். தமிழ்ப்பள்ளியில் படித்தவரை அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. என் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் லோரி ஓட்டுநர்கள்தாம். இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம், பாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'பெமாண்டு' என்று மிகச் சிறிய எழுத்தில் எழுதினேன். அந்தச் சிறிய எழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது. இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பல்கலைக்கழகத்தில் நான் புவியியலைத் தேர்ந்தெடுத்தபோது உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, "அதப் படிச்சு என்னா பண்ணப் போற?" என்பதுதான். நாடுகளின் தலைநகரங்களை மனனம் செய்யும் பாடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ஒரு சரக்கு ஏன் இந்த வழியாகப் போகிறது, ஏன் இந்த ஊர் வளர்ந்தது, ஏன் அந்த ஊர் தேய்ந்தது என்று கேட்கும் பாடம் அது. நம் குடும்பங்களின் கதையும் அந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

கடாரத்தையே எடுத்துக்கொள்வோம். சோழர்களும் அவர்களுக்கு முந்திய வணிகர்களும் ஏன் அங்கே வந்தார்கள்? பருவக்காற்று ஒரு காரணம். ஒரு காற்றில் வந்த கப்பல்கள் மறு காற்றுக்காக நீரிணையின் கரைகளில் மாதக்கணக்கில் காத்திருந்தன. கடலிலிருந்தே தெரியும் ஜெராய் மலை அவர்களுக்கு வழிகாட்டியது. வீரத்தை மட்டும் பேசிவிட்டுக் காற்றையும் மலையையும் விட்டுவிட்டால், வரலாற்றில் பாதியைத்தான் பேசுகிறோம்.

அடுத்து, நம் பாட்டன் காலம். இந்நாட்டின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. மறு ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இன்னொன்று. இரண்டுமே ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கப் பிறந்தவை. ஊரையும் ஊரையும் இணைப்பது அவற்றின் முதல் நோக்கமன்று. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. அதுவே 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. பின்னாளில் இரப்பரும் அதே வழியில்தான் வெளியேறியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் ஏறிய நம் முன்னோர் பலர் வந்திறங்கியதும் அங்கேதான்.

ஆக, இரப்பர் வெளியே போன வாசலும் நாம் உள்ளே வந்த வாசலும் ஒன்றே. செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழர்கள் பெருகியது தற்செயலன்று. இரயில் பட்டறையும் தண்டவாளமும் துறைமுகமும் இருந்த இடத்தில் நாம் இருந்தோம்.

பின்னர் கொள்கலன் வந்தது. 1956இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். போர்ட் கிள்ளானில் 1973இல் கொள்கலன் முனையம் செயல்படத் தொடங்கியது. நாள்கணக்கில் மூட்டை மூட்டையாக இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் இறக்கியது. மூட்டை தூக்கிய கைகளுக்கு வேலை குறைந்தது. 2024இல் போர்ட் கிள்ளான் கையாண்ட கொள்கலன்கள், இருபது அடிப் பெட்டிக் கணக்கில், 14 மில்லியனுக்கும் மேல். அவற்றில் சிலவற்றை இழுத்தவர் என் அப்பா.

அப்பாவுக்குச் சம்பளம் ட்ரிப் கணக்கில்தான். காத்திருக்கும் நேரத்திற்குக் காசு இல்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஐரோப்பா செல்லும் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. கால அட்டவணை குலைந்தது. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரிலும் போர்ட் கிள்ளானிலும் நெரிசல் ஏற்பட்டது. "கப்பல் இன்னும் வரலம்மா, ட்ரிப் இல்ல" என்று சொல்லிவிட்டு அப்பா வாசலில் உட்கார்ந்திருந்த நாள்களும் உண்டு; வந்த கப்பலெல்லாம் ஒன்றாய் வந்து, இரண்டு நாள் வீடு திரும்பாத நாள்களும் உண்டு. ஏமன் கடலில் பாய்ந்த ஏவுகணை எங்கள் வீட்டு மளிகைச் செலவைத் தொட்டது. உலக வாணிபம் என்பது இதுதான்.

நான் சொல்ல வருவது, கடாரத்தை மறந்துவிடுங்கள் என்பதன்று. பெருமை வேண்டும். ஆனால், பழைய கப்பலின் பெருமையைப் பேசிக்கொண்டே புதிய கப்பலின் கணக்கை மற்றவரிடம் விட்டுவிட்டால் நமக்கு மிஞ்சுவது கைத்தட்டல் மட்டுமே. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாம் இந்த வலைப்பின்னலின் உழைப்பாக இருக்கிறோம். எந்தப் பாதை எங்கே போகும், எந்த நிலம் கிடங்காகும், காத்திருக்கும் நேரத்திற்கு யார் பணம் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் அறைகளில் நாம் எத்தனை பேர்?

பேரவைக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஆண்டுதோறும் ஒரு நாள் போர்ட் கிள்ளானுக்குக் கல்விச் சுற்றுலா செல்வோம். இரண்டாவது, துறைமுகத்திலும் இரயில்வேயிலும் வேலை செய்த பெரியவர்களின் அனுபவங்களை, அவர்கள் இருக்கும்போதே தமிழில் பதிவு செய்வோம். மூன்றாவது, தளவாடத் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் எஸ்.பி.எம். முடித்த நம் பிள்ளைகளிடம் வந்து பேச வேண்டும். மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகியவற்றுக்கு அப்பாலும் படிப்பு இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஒவ்வொரு கொள்கலனின் கதவிலும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிப்பவை. கடைசி எண், மற்றவை சரியா என்று சோதிக்கும் எண். இதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது விரிவுரையாளர் அல்லர். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய என் அப்பா. அறிவு நம் வீட்டில் இருந்திருக்கிறது, நண்பர்களே. அதைச் சிறிய எழுத்தில் எழுதியது நாம்தான். இனியாவது பெரிதாக எழுதுவோம்.