எந்த வேலை நிலைக்கும்?

செயற்கை நுண்ணறிவு வளர்ந்தால் உடலுழைப்போரின் வேலை முதலில் மறையும் என்றும், படித்தோர் வேலைக்கு இடரில்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். நம் வண்டன்மேட்டின் ஏலக்காய்த் தொழிலைக் கூர்ந்து நோக்கினால், இவ்வெண்ணம் முழுதும் சரியன்று என்பது புலப்படும்.

முன்பு ஏலக்காய் விற்பனையில் விலை கூறுவோர் உரக்கக் கூறுவர். வணிகர் குரல் கொடுத்து விலையை உயர்த்துவர். 2007ஆம் ஆண்டு நறுமணப் பொருள்கள் வாரியம் மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. இன்று வணிகர் கணினிவழியே விலை கேட்கின்றனர். குரலுக்கு வேலை இல்லாமற்போயிற்று. மாதிரிக் காயைக் கையிலெடுத்து மதிப்பிடும் வேலை எஞ்சியது. இதைச் செய்தது சாதாரணக் கணினியே.

செயற்கை நுண்ணறிவு அடுத்த படி. உலர்ந்த காய்களை நிறமும் பருமனும் பார்த்துப் பெண்கள் தரம் பிரிக்கின்றனர். ஒரே கூடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே வகை முடிவைப் பல்லாயிரம் முறை எடுக்கும் இப்பணியைக் கேமரா பொருத்திய இயந்திரம் எளிதில் கற்கும். அலுவலகத்தில் ரசீது பார்த்துக் கணக்குப் பதிவதும் இத்தகையதே.

காய் பறித்தலோ வேறு. செடியின் அடியில் படரும் ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். முற்றியதை மட்டும் பறித்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் வரவேண்டும். மழையில் வழுக்கும் மலைச்சரிவில் கம்பம்மெட்டு வழியே ஜீப்பில் வரும் பெண்கள் செய்யும் இவ்வேலை, இயந்திரத்திற்கு அரிது.

ஆகவே, ஒரு வேலை கைவேலையா, எழுத்து வேலையா என்று பார்த்தல் போதாது. ஒரே முடிவு திரும்பத் திரும்ப வருகிறதா என்றே பார்த்தல் வேண்டும்.

நிலைக்கும் வேலையெல்லாம் நல்ல வேலையாகிவிடாது. பறிப்போர்க்குத் தக்க கூலியும், தரம் பிரிப்போர்க்கு இயந்திரம் வருமுன்பே மாற்றுப் பயிற்சியும் அளித்தல் உடைமையாளர்க்கும் அரசுக்கும் கடமையாகும்.

மாணவர்களே! உங்களை அலுவலகத்தில் காணப் பெற்றோர் விரும்புவது நியாயமே. ஆயினும் நாற்காலி மட்டும் காவலாகாது. எவ்வேலை ஏற்பினும், புதிய சூழலில் தாமே முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பேற்கக் கற்றவரையே அவ்வேலை நெடுநாள் நாடும்.